ட்ரெயின்னா உயிரா இருக்கற பிள்ளை வீட்ல இருந்தா: ஸ்டேஷனா, மியூசியமா, ஊட்டி ரயிலா, அட்டைப்பெட்டி ரயிலா?

போன மாசம் மட்டும் மூணு பேர் எங்கிட்ட இதே கேள்வியை கேட்டுட்டாங்க. அதுல ஒருத்தி என் சித்தி பொண்ணு, அவ பையனுக்கு இப்பதான் 5 வயசு முடிஞ்சிருக்கு. "அக்கா, இவனுக்கு ட்ரெயினை விட்டா வேற பேச்சே இல்ல, லீவுக்கு ஊட்டி ரயில் புக் பண்ணவா, இல்ல அந்தக் காசுக்கு ஒரு ஓடற ட்ரெயின் செட் வாங்கிக் குடுத்துடவா, எது பண்ணா அவன் பெரியவனானப்புறமும் நெனச்சுப் பாப்பான்"னு கேட்டா. போன்ல பத்து நிமிஷத்துல சொல்ற விஷயம் இல்ல இது, அதான் உக்காந்து எழுதறேன்.

எங்க வீட்டு நெலமையை சொல்லிடறேன், அப்பதான் நான் எங்க இருந்து பேசறேன்னு தெரியும். நாங்க வில்லிவாக்கம். பெரியவனுக்கு 9 வயசு, சின்னவளுக்கு 5. பெரியவனுக்கு ரெண்டரை வயசுலயே ட்ரெயின் புடிச்சுப் போச்சு, சத்தம் கேட்டா சாப்பிடற தட்டை விட்டுட்டு ஜன்னலுக்கு ஓடுவான். வீட்ல நாங்க ரெண்டு பேர், என் மாமியார். எங்க யாருக்கும் ரயில்ல தனியா ஆர்வம் எதுவும் கெடையாது, ஊருக்குப் போறதுக்கு டிக்கெட் கெடச்சா போதும்னு இருந்தவங்கதான். இந்த ஆறேழு வருஷத்துல கீழ சொல்ற எல்லாத்தையும் ஒரு தடவையாவது பண்ணிப் பாத்துட்டோம், சிலது ரொம்ப நல்லா அமைஞ்சது, சிலதுல காசு போனதுதான் மிச்சம்.

முதல்ல எதை வெச்சு எடை போடறது

செலவு எவ்ளோன்னுதான் எல்லாரும் முதல்ல பாக்கறாங்க. நான் அதை மூணாவதா வெப்பேன்.

முதல்ல பாக்க வேண்டியது, அங்க போனா பிள்ளை முன்னாடி நடக்கறானா, நாம முன்னாடி நடக்கறோமாங்கறது. அவனுக்கு தெரிஞ்ச விஷயம் நமக்கு தெரியாது, அதனால அவன் சொல்லிக் குடுக்கறான் நாம கேட்டுக்கறோம், இந்த ஒண்ணு நடக்கற இடமா இருக்கணும். வீட்லயும் ஸ்கூல்லயும் நாள் பூரா பெரியவங்க சொல்றதை கேட்டுட்டே இருக்கற பிள்ளைக்கு, அப்பாவுக்கு தான் சொல்லிக் குடுக்கறோம்ங்கறது எவ்ளோ பெரிய விஷயம்னு அவன் மூஞ்சைப் பாத்தாதான் தெரியும்.

ரெண்டாவது, ட்ரெயின் புடிக்காத மத்தவங்களுக்கு அங்க ஒரு வேலை இருக்கா. தங்கச்சி இருக்கா, பாட்டி இருக்காங்க, அவங்க சும்மா கூட வந்து கால் வலிக்க நின்னுட்டு இருந்தா ரெண்டாவது தடவை வர மாட்டாங்க, அப்புறம் அது குடும்ப நினைவா இருக்காது, அப்பா பிள்ளை ரெண்டு பேரோட நினைவாதான் இருக்கும்.

அப்புறம்தான் காசு, லீவு, உடம்பு அலுப்பு. கூடவே, திரும்பத் திரும்ப பண்ண முடியுமா, கடைசி நேரத்துல கேன்சல் ஆகி பிள்ளை மனசு ஒடைஞ்சு போக வாய்ப்பு இருக்கா, இதையும் பாத்துக்கணும்.

அவசரமா பாக்கறவங்களுக்கு ஒரு அட்டவணை:

| வழி | காசு | யார் முன்னாடி நடக்கறாங்க | திரும்பப் பண்ணலாமா | எப்போ வேணாம் |
|---|---|---|---|---|
| வாராவாரம் ஸ்டேஷன் | ஆளுக்கு 10 ரூபா | பிள்ளைதான் | எப்ப வேணாலும் | ஒரு இடத்துல நிக்காம ஓடற சின்னக் குழந்தை, தனி ஆளா கூட்டிட்டுப் போறப்போ |
| ரயில் மியூசியம் | கம்மி | பாதி பாதி | வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை | திங்கக்கிழமை, உச்சி வெயில் |
| ஊட்டி மலை ரயில் | ஜாஸ்தி | பாதி நாம, பாதி மலை | சில வருஷத்துக்கு ஒரு தடவை | அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் |
| செங்கோட்டை, பாம்பன் | நடுத்தரம் | பிள்ளை | ஊருக்குப் போறப்போ எல்லாம் | ராத்திரி வண்டி மட்டும்தான் கெடைக்குதுன்னா |
| கடை ட்ரெயின் செட் | ஜாஸ்தி | செட்தான் | வீட்ல இடம் இருந்தா | 12 வயசுக்கு கீழ |
| அட்டைப்பெட்டி ரயில் | ஒண்ணும் இல்ல | பிள்ளை | தெனமும் | வேணாம்னு சொல்ல எதுவும் இல்ல |

வாராவாரம் ஸ்டேஷன்

இதைத்தான் நான் நிறைய எழுதப் போறேன், ஏன்னா எங்க வீட்ல நெலச்சு நின்னது இதுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் பிளாட்பார்ம் டிக்கெட் எடுத்துட்டு போய் உக்காந்துடுவோம். டிக்கெட் 10 ரூபா, 2 மணி நேரம் செல்லும், அதுக்கு மேல எங்களாலயும் உக்கார முடியாது. சென்ட்ரல்ல இருந்து பெங்களூரு, கோயம்புத்தூர், மங்களூரு, திருவனந்தபுரம் பக்கம் போற வண்டி எல்லாம் வில்லிவாக்கம் வழியாத்தான் அரக்கோணம் போகும், அதனால ஒரு மணி நேரத்துல நாலஞ்சு எக்ஸ்பிரஸாவது நிக்காம பாய்ஞ்சு போறதை பாத்துடலாம், நடுவுல லோக்கல் வேற. உங்க ஊர் சின்ன ஊரா இருந்தா ரெண்டு வண்டிதான் வரும், அதுவும் போதும், காத்திருக்கறதுலதான் பாதி பேச்சு நடக்குது.

முதல் ஆறு மாசம் எனக்கு ரொம்ப சலிப்பாத்தான் இருந்துச்சு, போனை எடுத்து வெச்சுப்பேன். ஒரு நாள் அவன் கேட்டான், "அம்மா, இப்ப போச்சே அது என்ன எஞ்சின் சொல்லு". தெரியலைன்னேன். "வாப் செவன் (WAP-7). பக்கத்துல நம்பர் பாரு, 30ல ஆரம்பிச்சுதா, அப்ப வாப் செவன். 22ல ஆரம்பிச்சா வாப் ஃபோர்"ன்னான். W-ன்னா அகலப்பாதை, A-ன்னா ஏசி மின்சாரம், பின்னாடி வர்றது P-ன்னா பாசஞ்சர் வண்டி இழுக்க, G-ன்னா கூட்ஸ் இழுக்க, கடைசி நம்பர் எத்தனாவது மாடல்ங்கறதுக்குன்னு பிளாட்பார்ம்ல நின்னு எனக்கு பாடம் எடுத்தான். எஞ்சின் பக்கவாட்டுல ராயபுரம், ஈரோடு, அரக்கோணம்னு ஒரு ஊர் பேர் எழுதியிருக்கும், அது அந்த எஞ்சினோட வீடாம், ரிப்பேர்னா அந்த ஷெட்டுக்குத்தான் போகுமாம். எத்தனை வருஷமா ரயில்ல போய்ட்டு வர்றேன், அந்த எழுத்தை ஒரு தடவை கூட படிச்சதில்ல நான். அன்னிக்கு போனை பைக்குள்ள போட்டவதான்.

அப்புறம் ஆளுக்கு ஒரு வேலை ஆச்சு. பெரியவன் எஞ்சின் நம்பர் படிக்கணும், சின்னவ பெட்டி எண்ணணும், அவர் தூரத்துல தலை வெளிச்சம் தெரியறப்பவே எந்த லைன்ல வருதுன்னு சொல்லணும், அத்தை நோட்டுல எழுதணும். நோட்டு எழுதற வேலையை அத்தைகிட்ட குடுத்தது பெரியவன்தான், "பாட்டி கையெழுத்துதான் நல்லா இருக்கு"ன்னான். அதுக்கு முன்னாடி வரைக்கும் முட்டி வலிக்குதுன்னு வராம இருந்த அத்தை, இப்ப சனிக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கே தலை வாரி பூ வெச்சுட்டு ரெடியா உக்காந்திருக்காங்க. 80 பக்க நோட்டு, இது மூணாவது. தேதி, எஞ்சின் நம்பர், ஷெட், வண்டி பேர், எத்தனை பெட்டி. ஓரத்துல அத்தை அவங்களா சிலது எழுதி வெப்பாங்க, "இன்னிக்கு நல்ல மழை, பாப்பா 19ன்னா, அண்ணன் 20ன்னான், சண்டை" இப்படி.

நான் எடுத்த வீடியோ போன்ல நூத்துக்கணக்குல கெடக்கு, அதை யாரும் திரும்பிப் பாத்ததே இல்ல. அந்த நோட்டை வாரத்துக்கு ரெண்டு தடவையாவது யாராச்சும் எடுத்துப் புரட்டறாங்க.

வெளிய தெரியாத செலவு இதுலயும் இருக்கு. பிளாட்பார்ம்ல வடை, சமோசா, தண்ணி பாட்டில்னு போகறப்போ எல்லாம் நூறு ரூபா ஆயிடும், அதனால நாங்க சுண்டல் வீட்லயே பண்ணி எடுத்துட்டு போயிடுவோம். அதை விட பெரிய விஷயம் பாதுகாப்பு. நிக்காம போற வண்டி வர்றப்போ காத்து நம்மள உள்ள இழுக்கற மாதிரி இருக்கும், அதனால மஞ்சக் கோட்டுக்கு ரொம்ப பின்னாடி, பெஞ்சுல உக்காந்துதான் பாக்கணும்னு முதல் நாளே சட்டம் போட்டாச்சு, சின்னவ கையை ஒரு பெரியவங்க புடிச்சே ஆகணும். மேல போற கம்பியில 25,000 வோல்ட் ஓடுது, செல்ஃபி குச்சி, கொடை, பலூன் எதுவும் மேல தூக்கக் கூடாது. தண்டவாளத்துல எறங்கறது குற்றம், "ஒரே ஒரு போட்டோ"ன்னு அப்பாவே எறங்கற குடும்பத்தை பாத்திருக்கேன், அதைப் பாத்து வளர்ற பிள்ளை நாளைக்கு தனியா எறங்கும். ரெண்டு குழந்தை, ஒரே ஒரு பெரியவங்கன்னா தயவு செஞ்சு போகாதீங்க, ஸ்டேஷன் பக்கத்துல நல்ல கைப்பிடிச் சுவரோட ஒரு ரோட்டு மேம்பாலம் இருந்தா அங்க இருந்து பாருங்க.

ரயில் மியூசியம்

சென்னைல ஐசிஎஃப்ங்கற ரயில் பெட்டி தொழிற்சாலை பக்கத்துல இருக்கறது 2002ல தொறந்தது, 6 ஏக்கருக்கு மேல இடம். பழைய நீராவி எஞ்சின், மரத்துல செஞ்ச பழைய பெட்டி, உள்ள சுத்தி வர குட்டி ரயில் எல்லாம் இருக்கு. திருச்சிலயும் 2014ல ஒண்ணு தொறந்திருக்காங்க, சின்னதுதான்.

இது 3 வயசுல இருந்து 6 வயசுக்குள்ள இருக்கற பிள்ளைக்கு ரொம்ப நல்ல இடம், ஏன்னா தொட்டுப் பாக்கலாம். பிளாட்பார்ம்ல இருந்து பாக்கறப்போ சக்கரத்தோட பாதிதான் தெரியும், இங்க எஞ்சின் தரையில நிக்கும், சக்கரம் பிள்ளையோட தலைக்கு மேல போகும். பெரியவனை முதல் தடவை கூட்டிட்டு போனப்போ அவன் ஒரு சக்கரத்தோட ஆரக்காலை ஒவ்வொண்ணா கையால தடவிப் பாத்துட்டே சுத்தி வந்தான், வாயே தொறக்கல.

ஆனா 8, 9 வயசுக்கு மேல ஒரு தடவை ஆர்வமா பாப்பாங்க, ரெண்டாவது தடவை "எதுவும் ஓடலையே"ன்னு சொல்லிடுவாங்க. அந்த வயசுக்கு கூட்டிட்டு போறதா இருந்தா போகறதுக்கு முன்னாடி ஐசிஎஃப் கதையை சொல்லிக் கூட்டிட்டு போங்க. 1955ல சுவிஸ்காரங்க உதவியோட பெரம்பூர்ல ஆரம்பிச்ச தொழிற்சாலை, நாம இத்தனை வருஷமா போன நீலப் பெட்டி எல்லாம் அங்க செஞ்ச டிசைன், 2018 ஜனவரியோட அந்த டிசைனை நிறுத்திட்டு முழுக்க எல்எச்பிங்கற ஜெர்மன் டிசைன் பெட்டிக்கு மாறினாங்க, அதே 2018ல வந்தே பாரத்தோட முதல் ரயிலையும் அங்கதான் செஞ்சாங்க. இதெல்லாம் நடந்தது நம்ம வீட்ல இருந்து நடந்து போற தூரத்துலன்னு தெரிஞ்சப்போ பெரியவனுக்கு வந்த பெருமை சொல்லி மாளாது.

செலவு டிக்கெட்டுக்கு சொற்பம்தான், வெயில்தான் ஆளை அடிச்சுப் போடும். பாதி திறந்த வெளி. காலைலயே போயிடுங்க, திங்கக்கிழமை லீவு.

ஊட்டி மலை ரயில்

எல்லாரும் முதல்ல நெனைக்கறது இது. நெனைக்கறதுலயும் தப்பில்ல, மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டி வரைக்கும் 46 கிலோமீட்டர், 16 குகை, 208 வளைவு, 250 பாலம். குன்னூர் வரைக்கும் 1899ல, ஊட்டி வரைக்கும் 1908ல போட்ட பாதை, 2005ல இருந்து யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். கல்லார்ல இருந்து குன்னூர் வரைக்கும் ஏத்தம் கிட்டத்தட்ட 12 அடிக்கு 1 அடி, அந்த ஏத்தத்துல சாதா சக்கரம் வழுக்கிடும், அதனால ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வெச்ச இன்னொரு பட்டை போட்டிருக்காங்க, எஞ்சின்ல இருக்கற பல்சக்கரம் அதைக் கவ்வி கவ்வி ஏறும். எஞ்சின் முன்னாடி இழுக்காது, பின்னாடி நின்னு தள்ளும், அதனால முன் பெட்டில உக்காந்தா எதிர்ல வர்ற பாதை நேரா தெரியும். ட்ரெயின் தெரிஞ்ச பிள்ளைக்கு இந்த ஒவ்வொண்ணும் புதையல்.

ஆனா ரெண்டு தடவை போன அனுபவத்துல சொல்றேன், புக் பண்றதுக்கு முன்னாடி இதையெல்லாம் கணக்குல சேத்துக்கோங்க.

டிக்கெட் 60 நாளைக்கு முன்னாடி தொறக்கும், ஏப்ரல் மே லீவு டிக்கெட் தொறந்த கொஞ்ச நேரத்துல காலி. மேட்டுப்பாளையத்துல இருந்து காலைல ஒரே ஒரு வண்டிதான், ஏழு மணி வாக்குல கெளம்பிடும். சென்னைல இருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறினா காலைல சரியா கொண்டு போய் சேக்கும், ஆனா அந்த டிக்கெட்டும் சேத்து கெடைக்கணும், ரெண்டுல ஒண்ணு வெயிட்டிங் லிஸ்ட்ல நின்னாலும் திட்டம் போச்சு. மேல போக அஞ்சு மணி நேரம் ஆகும். 9 வயசுக்கு அது சொர்க்கம், 4 வயசுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல தாங்காது, சின்னவ ஹில்குரோவ் தாண்டினதுமே "எப்ப எறங்குவோம்" ஆரம்பிச்சுட்டா. அத்தைக்கு அந்த சீட்ல கால் நீட்ட இடமில்ல. சீசன்ல ஊட்டில ரூம் வாடகை எங்க ஒரு மாச மளிகை செலவை தாண்டிடுச்சு. கார்ல போறவங்களுக்கு 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் வேற எடுக்கணும், ரயில்ல போனா அந்தத் தொல்லை இல்ல, அது ஒண்ணு லாபம்.

எல்லாத்தையும் விட பெரிய ஆபத்து மழை. முதல் தடவை நாங்க நவம்பர்ல போனோம், டிக்கெட் சுலபமா கெடச்சுதேன்னு சந்தோஷமா கெளம்பினோம், மேட்டுப்பாளையத்துல எறங்கினா பாதையில மண் சரிஞ்சு வண்டி ரத்து. வடகிழக்கு பருவமழைல அது அடிக்கடி நடக்கற விஷயம், எனக்குத்தான் தெரியல. அவனுக்கு அப்ப 6 வயசு. அழல, அடம் புடிக்கல, பஸ்ல ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்துட்டான், குன்னூர் வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. அந்த அமைதியை இன்னிக்கும் என்னால மறக்க முடியல.

குன்னூர்ல அன்னிக்கு எங்களைக் காப்பாத்தினது குன்னூர், ஊட்டி நடுவுல ஓடற வண்டி. அது டீசல் எஞ்சின், பல்சக்கரம் கெடையாது, ஆனா ஒரு நாளைக்கு பல தடவை போகும், சுமார் ஒண்ணேகால் மணி நேரம், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல்னு குட்டி குட்டி ஸ்டேஷன். பாட்டி, சின்னக் குழந்தை கூட வர்ற குடும்பத்துக்கு நான் முதல்ல இதைத்தான் சொல்வேன். குன்னூர் ஸ்டேஷன்ல நின்னா நீராவி எஞ்சினையும் பக்கத்துல பாக்கலாம், அதுல பழசு சிலது சுவிட்சர்லாந்துல விண்டர்தூர்ல செஞ்சது, புதுசு சிலது நம்ம திருச்சி பொன்மலை பணிமனைல செஞ்சது.

மூணு வருஷம் கழிச்சு மார்ச்ல மறுபடி முழு ரயில்லயும் போனோம். வழியில தண்ணி புடிக்க வண்டி நிக்கும், எல்லாரும் எறங்குவாங்க. ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னாடி ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோட நிப்பாரு, எங்க பெட்டி அண்ணன்கிட்ட பெரியவன் அந்த நிறுத்தத்துல பல்பட்டை பத்தி கேள்வி மேல கேள்வியா கேட்டான், அவரும் குனிஞ்சு உக்காந்து, அங்க பாரு ரெண்டு வரிசை பல்லு இருக்கா, ஒண்ணு விட்டா இன்னொண்ணு புடிச்சுக்கும்னு விரலால காட்டி சொன்னாரு. அந்த ரெண்டு நிமிஷத்தை அவன் வீட்டுக்கு வந்து எல்லாருக்கும் நடிச்சுக் காட்டினான்.

செங்கோட்டை மலைப்பாதை, பாம்பன் பாலம்

ஊட்டி அளவுக்கு காசு போட முடியாது, ஆனா ஒரு பெரிய பயணம் வேணும்ங்கறவங்க இந்த ரெண்டையும் பாருங்க, அதுவும் உங்க சொந்த ஊர் அந்தப் பக்கம்னா யோசிக்கவே வேணாம்.

அத்தைக்கு தென்காசி பக்கம். செங்கோட்டைல இருந்து புனலூர் போற பாதை 1904ல போட்ட மீட்டர் கேஜ், 2010ல நிறுத்தி அகலப்பாதையாக்கி 2018ல திரும்ப தொறந்தாங்க. பகவதிபுரம் தாண்டினதும் நீளமான குகை, அப்புறம் ஆரியங்காவு, கீழ எறங்கறப்போ கழுதுருட்டி பக்கத்துல பதிமூணு கண் பாலம். சாதா எக்ஸ்பிரஸ் டிக்கெட்தான், சுத்துலா விலை எதுவும் கெடையாது. இதுல மாட்டிக்கற இடம் ஒண்ணே ஒண்ணு: ராத்திரி வண்டில போனா மலை இருட்டுலயே போயிடும், தென்காசில ஒரு நாள் தங்கி பகல் வண்டி புடிக்கணும்.

நாங்க அப்படித்தான் போனோம். குகைக்குள்ள நுழைஞ்சதும் அத்தை அவங்களா பேச ஆரம்பிச்சாங்க, 1970கள்ல கல்யாணம் ஆன புதுசுல இதே வழியா கரி எஞ்சின் வண்டில கொல்லம் போனது, குகை வந்ததும் எல்லாரும் ஜன்னலை எறக்கறது, அப்படியும் கண்ணுல கரி விழுந்து தாத்தா ஊதி விட்டது. நான் இந்த வீட்டுக்கு வந்து பன்னெண்டு வருஷம் ஆச்சு, இந்தக் கதையை அதுக்கு முன்னாடி கேட்டதே இல்ல, அவங்க பிள்ளைக்கே தெரியாது. பேரன் கேட்டான், "பாட்டி, அந்த எஞ்சின் நம்பர் என்ன?" அத்தை நெஜமாவே கொஞ்ச நேரம் யோசிச்சாங்க.

பாம்பன் பத்தி சுருக்கமா. பழைய பாலம் 1914ல தொறந்தது, 2022 டிசம்பரோட அதுல ரயில் நின்னுபோச்சு, புதுசு 2025 ஏப்ரல் 6ல தொறந்தாங்க. நடுவுல 72.5 மீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு அப்படியே நேரா 17 மீட்டர் மேல எழும்பும், கப்பல் போறதுக்காக. பாலத்து மேல போறப்போ ரெண்டு பக்கமும் கடல், சின்ன குழந்தை கூட வாயைப் பொளந்து பாக்கும். பெரிய பிள்ளைன்னா தனுஷ்கோடி வரைக்கும் கூட்டிட்டு போய் இடிஞ்சு நிக்கற ஸ்டேஷனை காட்டுங்க. எக்மோர்ல டிக்கெட் எடுத்தா ரயில், கப்பல், அப்புறம் தலைமன்னார்ல இருந்து மறுபடி ரயில்னு கொழும்பு வரைக்கும் போன காலம் இருந்துச்சு, 1964 டிசம்பர் புயல்ல பாசஞ்சர் வண்டியே கடல்ல போயிடுச்சு. இதை எந்த வயசுல சொல்றதுங்கறது உங்க பிள்ளையைப் பொறுத்தது, நான் 8 வயசுக்கு அப்புறம்தான் சொன்னேன், சொன்ன ராத்திரி அவன் என் பக்கத்துல வந்து படுத்துக்கிட்டான்.

வீட்ல ரயில்: கடைல வாங்கறதா, அட்டைல செய்யறதா

நல்ல மாடல் ரயில் வாங்கணும்னா எச்ஓ ஸ்கேல்னு சொல்வாங்க, நெஜ ரயிலை 87ல ஒரு பங்கா சின்னதாக்கினது. எல்எச்பி பெட்டி நெஜத்துல 23.5 மீட்டர், அப்ப மாடல்ல ஒரு பெட்டி 27 சென்டிமீட்டர். 22 பெட்டி வெச்ச வண்டி ஓட்டணும்னு பிள்ளை கேட்டா 6 மீட்டர், எங்க ஹாலோட நீளமே அவ்ளோ இல்ல. எஞ்சின், தண்டவாளம், கன்ட்ரோலர்னு வாங்க வாங்க காசு பல ஆயிரம் போகும், அதுலயும் கடைல சுலபமா கெடைக்கறது வெளிநாட்டு வண்டிதான், நம்ம பிள்ளை கேக்கறது வாப் செவனை. 12 வயசுக்கு மேல, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஸ்க்ரூ டிரைவர் புடிக்கறதுல ஆசை இருந்து, ஒரு தனி மேஜை ஒதுக்க முடியும்னா அப்ப அருமையான விஷயம், வருஷக்கணக்கா சேந்து கட்டலாம். 5 வயசுக்கு வேணாம். நாங்க பேட்டரில ஓடற ஒண்ணை பொறந்த நாளைக்கு வாங்கினோம், வட்டமா சுத்திச்சு, அவன் பாத்தான், நாலு நாள்ல மூலைக்குப் போச்சு, ஏன்னா அதுல அவன் பண்றதுக்கு எதுவும் இல்ல.

அட்டைல செஞ்சது ரெண்டு வருஷமா இருக்கு. பேஸ்ட் டப்பா, சோப்பு டப்பா, ஊதுபத்தி டப்பா எல்லாம் சேத்து வெப்போம். பேஸ்ட் டப்பா எல்எச்பி பெட்டிக்கு சரியான நீளம், செவப்பும் சாம்பலும் அடிச்சா அப்படியே இருக்கும், சோப்பு டப்பா கடைசில கார்டு வேன். பழைய பெட்டிக்கு நீலம். ஜன்னலை நான் வெட்டுவேன், சின்னவ உள்ள ஆள் படம் வரைஞ்சு ஒட்டுவா, ஒவ்வொரு ஜன்னல்லயும் எங்க வீட்டு ஆளுங்கதான் உக்காந்திருப்பாங்க. பெரியவன் பெட்டில கோடு போடறதை ஸ்கேல் வெச்சு அளந்துதான் போடுவான், நான் கொஞ்சம் கோணலா போட்டா திரும்பப் போட சொல்வான், நானும் போடுவேன். செலவு ஃபெவிகால்தான். வீடு பூரா குப்பை, சின்னவ மிதிச்சு நசுக்கினா ஒரு மணி நேரம் சண்டை, இதுதான் இதோட வெல.

யூடியூப்ல ரயில் வீடியோ, போன்ல ட்ரெயின் ஓட்டற கேம், இதைப் பத்தி நிறைய பேர் கேக்கறாங்க. பிள்ளைக்கு தெரிஞ்சதுல பாதி அங்க இருந்து வந்ததுதான், அதனால கெட்டதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா அவன் மட்டும் தனியா மூலைல பாத்துட்டு இருந்தா அதை குடும்பமா சேந்து பண்ற கணக்குல சேக்காதீங்க.

யாருக்கு எது

வீட்ல எல்லாருக்கும் வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் ஒண்ணா கெடைக்கும்னா ஸ்டேஷன், சந்தேகமே வேணாம். ரெண்டு பேரும் வேலைக்கு போய் சனி ஞாயிறும் கெடைக்காதவங்களுக்கு அட்டைப்பெட்டி, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம் போதும். ஊட்டிக்கு பிள்ளைக்கு 7 வயசாவது ஆகட்டும், அப்பதான் பல்சக்கரம் புரியும், அதுக்கு முன்னாடி போறதா இருந்தா குன்னூர்ல இருந்து மட்டும் போங்க, ரத்தானா என்ன பண்றதுங்கறதை கெளம்பறதுக்கு முன்னாடியே பிள்ளைகிட்டயும் சொல்லிடுங்க. தாத்தா பாட்டி பழைய ரயில்ல போன வழி ஏதாவது இருந்தா, ஊட்டிக்கு முன்னாடி அந்த வழில அவங்களோட சேத்து ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க, அதை தள்ளிப் போடாதீங்க.

ஒண்ணு மட்டும் எல்லாருக்கும் சொல்லணும். வீட்டுக்கு ஆள் வந்தா "எங்க, மாமாவுக்கு வாப் செவன் விரிவாக்கம் சொல்லு"ன்னு கேக்காதீங்க. நானே கேட்டிருக்கேன். ஒரு ரெண்டு மாசம் அவன் ட்ரெயின் பத்தி எங்கிட்ட பேசறதையே கொறச்சுட்டான், எனக்கு காரணம் புரிய ரொம்ப நாள் ஆச்சு, அது அவனுக்கு பரிட்சை மாதிரி ஆயிடுச்சு.

சித்தி பொண்ணுகிட்ட, ட்ரெயின் செட் இப்ப வேணாம், ஊட்டியை ரெண்டு வருஷம் கழிச்சு பாத்துக்கலாம், இந்த சனிக்கிழமை ஒரு 40 பக்க நோட்டும் பிளாட்பார்ம் டிக்கெட்டும் போதும்னு சொன்னேன். அவ அரக்கோணத்துல இருக்கா, அங்க இல்லாத வண்டியா. ஞாயித்துக்கிழமை காலைல ஒரு போட்டோ அனுப்பினா. நோட்டோட முதல் பக்கம், அவனே எழுதியிருக்கான், 30ல ஆரம்பிக்கற நம்பர், அந்த 3 மட்டும் கண்ணாடில பாக்கற மாதிரி திரும்பி நிக்குது. கீழ அவங்க அப்பா கையெழுத்துல, "24 பெட்டி. ரெண்டு தடவை எண்ணினோம்."